கட்டற்ற மென்பொருளின் வரலாறு – 17: எழுத்தில் கூடிய சபைகள்

பல நாடுகளில் சிதறி வாழும் பங்களிப்பாளர்களைக் கொண்ட ஒரு மென்பொருள் திட்டம் எங்கே கூடுகிறது, எப்படி முடிவெடுக்கிறது என்ற கேள்விக்கு, சென்ற பகுதியில் விரிவாகக் கண்ட மடலாடற்குழு பாதி விடையைத்தான் தந்தது. ஒருவர் எழுதிய மடலுக்கு மற்றவர் தமக்கு ஓய்வு கிடைக்கும்போது மறுமொழி எழுதலாம் என்பது அம்முறையின் வலிமை. சில மடல்களில் முடிய வேண்டிய விவாதம் வாரக்கணக்கில் நீண்டு, யாரும் முடித்துவைக்காமலே ஓய்ந்துபோவதற்கும் அதுவே காரணமாயிற்று. ஆகவே எல்லோரும் ஒரே வேளையில் விசைப்பலகையின் முன் அமர்ந்து, எழுத்தின் வழியே உடனுக்குடன் உரையாடி, ஒரு மணி நேரத்தில் நிகழ்ச்சி நிரலை முடித்துவிட்டு எழும் வழக்கம் பெரிய திட்டங்களில் மெல்ல வேரூன்றியது. வெறும் அரட்டையாக இருந்த ஒன்று பதிவேடு உடைய சபையாக மாறிய விதம் இத்துறையின் வரலாற்றில் உரிய கவனத்தைப் பெறவில்லை.

இக்கூட்டங்களுக்கு அரங்கமாக அமைந்தது ஐ.ஆர்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இன்டர்நெட் ரிலே சாட். ஃபின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் இருந்த யார்க்கோ ஒய்க்கரினென், அங்கு இயங்கிய ஓலுபாக்ஸ் என்ற மின் அறிவிப்புப் பலகையின் அரட்டை நிரலுக்கு மாற்றாக 1988ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் இதை எழுதினார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஜெஃப் கெல் என்பவர் பிட்நெட் என்ற பல்கலைக்கழக வலையமைப்புக்காக 'ரிலே' என்ற நிரலை உருவாக்கியிருந்தார். ஒரு கணினி தனக்கு வந்த செய்தியை அடுத்த கணினிக்குக் கைமாற்றிவிடும் அந்த முறைதான் ஐ.ஆர்.சி.யின் பெயரிலும் அமைப்பிலும் தொடர்ந்தது. பயனர் தமக்கு அருகிலுள்ள வழங்கியோடு இணைகிறார். வழங்கிகள் தமக்குள் இணைந்திருக்கின்றன. # குறியுடன் தொடங்கும் பெயர் கொண்ட ஓர் அறைக்குள் ஒருவர் எழுதும் வரி, அந்த அறையில் இருக்கும் அனைவரின் திரையிலும் நொடிப்பொழுதில் தோன்றுகிறது.

இதன் நெறிமுறை, அதாவது வழங்கியும் பயனரின் கணினியும் பேசிக்கொள்வதற்கான விதித்தொகுப்பு, 1993ஆம் ஆண்டு மே மாதம் ஆர்.எஃப்.சி. 1459 என்ற ஆவணமாக ஒய்க்கரினென், டேரன் ரீட் ஆகிய இருவரின் பெயரில் வெளியாயிற்று. பிறந்த மண்ணின் அடையாளம் அந்த ஆவணத்திலேயே பதிந்திருக்கிறது. அக்காலத்து ஃபின்லாந்தில் வழங்கிய ஏழு பிட் குறியீட்டில், சதுர அடைப்புக்குறிகளுக்கு உரிய இடங்களில் அந்நாட்டு மொழியின் பெரிய எழுத்துகளும் நெளி அடைப்புக்குறிகளுக்கு உரிய இடங்களில் அவற்றின் சிறிய எழுத்துகளும் அமர்ந்திருந்தன. அதனால் நெளி அடைப்புக்குறியைச் சதுர அடைப்புக்குறியின் சிறிய எழுத்தாகக் கருத வேண்டும் என்று அந்த உலகப் பொது நெறிமுறை விதித்தது.

கூட்டங்களின் வரலாற்றுக்கு அதைவிட முக்கியமானது வேறொரு விதி. ஒரு செய்தி, வரியை முடிக்கும் இரு குறிகளையும் சேர்த்து, 512 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இது ஒரு சிறு பத்தி. 'கூட்டம்' என்ற தமிழ்ச்சொல்லோ, இன்று வழங்கும் யு.டி.எஃப்.-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், தான் ஒன்றே 21 பைட்டுகளை நிரப்பிவிடுகிறது. அனுப்புநர் பெயர், அறையின் பெயர் முதலியவற்றைக் கழித்துவிட்டால் தமிழில் ஒரு வரிக்கு ஏறக்குறைய 150 குறிகளே மிஞ்சும். உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன என்பதையும் கருதினால், இரண்டு நடுத்தர வாக்கியங்களுக்கு மேல் இடமில்லை. எந்த மொழியானாலும் இவ்வெல்லை பேச்சின் நடையை மாற்றியது. மடலில் பத்துப் பத்தி எழுதிப் பழகியவர்கள் இங்கே ஒரு கருத்தை ஒரு வரியில் வைத்துவிட்டு, மறுமொழிக்குக் காத்திருக்கக் கற்றார்கள்.

ஐ.ஆர்.சி. ஒற்றை வலையமைப்பாக நீடிக்கவில்லை. 1990களில் அது இ.எஃப்.நெட், அண்டர்நெட், ஐ.ஆர்.சி.நெட் எனப் பல கிளைகளாகப் பிரிந்தது. கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கென்றே ஒரு வலையமைப்பு வேண்டும் என்ற எண்ணத்தில் ராப் லெவின் வளர்த்தெடுத்த ஓபன் புராஜெக்ட்ஸ் நெட்வொர்க், 2002இல் ஃப்ரீநோட் என்ற பெயரைப் பெற்றது. 2006 செப்டம்பரில் ஹூஸ்டன் நகரில் மிதிவண்டியில் சென்றபோது மோட்டார் வாகனம் மோதியதால் லெவின் இறந்தார். அவருக்குப் பின்னும் தன்னார்வலர்கள் அந்த வலையமைப்பை நடத்தினார்கள். அதே நோக்கத்தோடு 2001இல் தொடங்கிய ஓ.எஃப்.டி.சி. இன்னொன்று, 2006ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் டெபியன் திட்டம் அங்கே இடம்பெயர்ந்தது.

அறை கிடைத்துவிட்டதால் சபை கூடிவிடவில்லை. ஐ.ஆர்.சி. வழங்கி எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பத்து நிமிடம் தாமதமாக நுழைபவரின் திரை வெறுமையாகவே இருக்கும், அதற்கு முன் பேசப்பட்டதை வேறொருவர் சேமித்துவைத்து அனுப்பினாலன்றி அவர் அறிய வழியில்லை. அந்த வேளையில் உறங்கிக்கொண்டிருந்தவரின் நிலை இன்னும் மோசம். நான்கு பேர் நள்ளிரவில் அரட்டையில் முடிவு செய்துவிட்டு, மறுநாள் நிரலை மாற்றிவிட்டால், மற்றவர்களுக்கு அது சதியாகவே தோன்றும். இந்த ஆபத்தை மிகத் தெளிவாகக் கண்டுகொண்டவர்கள் அப்பாச்சி திட்டத்தார். 1995இல் ஒரு சிறு குழுவாகத் தொடங்கி 1999இல் அறக்கட்டளையாகப் பதிவுபெற்ற அவர்கள், மடலாடற்குழுவில் நடவாதது நடந்ததாகவே கொள்ளப்படாது என்பதை எழுதப்படாத சட்டமாகக் கடைப்பிடித்தார்கள். வாக்கெடுப்புகள் உலகின் எல்லா நேர மண்டலங்களுக்கும் எட்டும்படி குறைந்தது 72 மணி நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது அவர்களது நடைமுறை. ஆதரவுக்கு +1, எதிர்ப்புக்கு −1, விலகி நிற்க 0 என்று அவர்கள் மடல்களில் வழங்கிய குறிகள்தாம் பின்னர் எல்லா அரட்டைக் கூட்டங்களுக்கும் பொதுமொழியாயின. அதே அப்பாச்சி அறக்கட்டளை தன் உறுப்பினர்களின் ஆண்டுக் கூட்டத்தை ஐ.ஆர்.சி.யில் நடத்தியது என்பது முரண்போலத் தோன்றலாம். ஆனால் அக்கூட்டத்தின் அமைப்பைக் கவனித்தால் முரண் மறைந்துவிடும். உறுப்பினர்கள் அறையில் கூடி வருகையைப் பதிவு செய்கிறார்கள். வர இயலாதவர்கள் பிறரிடம் பதிலாள் உரிமையை ஒப்படைத்திருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் வந்துவிட்டனர் என்பது உறுதியானதும் அறிக்கைகள் வைக்கப்படுகின்றன. பிறகு கூட்டம் கலைக்கப்படாமல் ஒத்திவைக்கப்படுகிறது. அந்த இடைவெளியில் ஒவ்வொருவரும் தத்தம் பகல் பொழுதில் வாக்களிக்க, கூட்டம் மீண்டும் கூடி முடிவை அறிவிக்கிறது. உடன் பேச்சுக்கு ஒரு நேரமும் தனித்துச் சிந்திப்பதற்கு வேறொரு நேரமும் ஒரே கூட்டத்துக்குள் பொருந்திவிடுகின்றன.

சட்டப்படியான ஓர் இயக்குநர் குழு முழுவதும் எழுத்திலேயே கூட முடியும் என்பதற்கு 'சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்டரெஸ்ட்' சிறந்த சான்று. டெபியனுக்கு வரும் நன்கொடைகளைப் பெற்றுப் பேணுவதற்காக 1997இல் நியூயார்க் மாநிலத்தில் பதிவான இந்த அமைப்பு, தன் இயக்குநர் கூட்டங்களை ஓ.எஃப்.டி.சி. வலையமைப்பின் பொது அறையில், யாரும் வந்து படிக்கக்கூடிய வகையில் நடத்திவந்தது. நீதிபதியின் மரச்சுத்தியல் மேசையில் விழும் ஓசைக்குப் பதிலாக, தலைவரோ செயலரோ சுத்தியலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்துகளில், இருபுறமும் நட்சத்திரக் குறியிட்டுத் தட்டச்சு செய்ததும் கூட்டம் தொடங்கும். அடுத்து நிகழ்ச்சி நிரலின் எண் சதுர அடைப்புக்குறிக்குள் வரும். இயக்குநர்கள் பதிவுக்காகத் தம் முழுப்பெயரைக் கூறுமாறு கேட்கப்படுவார்கள். புனைபெயர்களால் மட்டுமே ஒருவரையொருவர் அறிந்திருந்த அந்த அறையில் வரிசையாக இயற்பெயர்கள் தோன்றும். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாவதற்குத் தேவையான குறைந்தபட்ச வருகை, எட்டிவிட்டதா என்று எண்ணிப் பார்த்து அறிவிப்பார்கள். பிறகுதான் பொருளாளர் அறிக்கை. இவ்வளவு சடங்குகளும் திரையில் ஊரும் வெற்றெழுத்தில் நடந்தன; அவ்வெழுத்தே சட்டத்தின் முன் நிற்கும் நடவடிக்கைக் குறிப்புக்கு அடிப்படையும் ஆயிற்று.

எழுத்துக் கூட்டத்தின் தனிச்சிறப்பு இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. குரலால் பேசும் கூட்டத்தில் பேச்சு ஒன்று, குறிப்பு வேறொன்று. குறிப்பெடுப்பவர் எதைக் கேட்டார், எதை விட்டார் என்பதைப் பொறுத்தே வரலாறு அமையும். எழுத்துக் கூட்டத்திலோ சொல்லும் பதிவும் ஒரே பொருள். ஆயினும் ஒரு மணி நேர உரையாடல் நூற்றுக்கணக்கான வரிகளாகிவிடும், அவற்றில் வாழ்த்தும் சிரிப்பும் இணைப்பு அறுந்து திரும்பியவரின் மன்னிப்பும் கலந்திருக்கும். முடிவை அக்குவியலிலிருந்து பிரித்தெடுப்பது எப்படி? இதற்கு விடையாக வந்தது பாட் என்று அழைக்கப்படும் தானியங்கி நிரல். அது ஓர் உறுப்பினரைப் போலவே அறையில் அமர்ந்து, குறிப்பிட்ட சொற்களுக்காகச் செவி சாய்த்துக்கொண்டிருக்கும்.

உபுண்டு திட்டத்தின் எழுத்தர் குழு உருவாக்கிய மூட்பாட், இவ்வகையில் முன்னோடி. அதைத் தழுவி டெபியனின் ஹோல்கர் லெவ்சென் மீட்பாட் என்ற நிரலை எழுதினார். அதன் கருத்தை எடுத்துக்கொண்டு 2009இல் ரிச்சர்ட் டார்ஸ்ட் புதிதாக எழுதிய மீட்பாட்தான் பிற திட்டங்களுக்கெல்லாம் பரவி நிலைத்தது. உபுண்டு பிற்பாடு அதையே மாற்றியமைத்து மீட்டிங்காலஜி என்ற பெயரில் பயன்படுத்தியதால், புறப்பட்ட வீட்டுக்கே கருத்து திரும்பி வந்தது. ஒரு திட்டம் எழுதியதை இன்னொன்று கேட்காமலே எடுத்துத் திருத்தலாம் என்ற உரிமம் இல்லாதிருந்தால் இந்தச் சுற்று நிகழ்ந்திருக்காது.

மீட்பாட் இயங்கும் விதம் மிக எளியது. கூட்டத்தைத் தொடங்குபவர் # குறியோடு 'ஸ்டார்ட்மீட்டிங்' என்று எழுதியதும் பாட் நேரத்தைக் குறித்துக்கொள்கிறது; அவரே தலைவர் ஆகிறார், விரும்பினால் வேறு சிலரையும் துணைத்தலைவர்களாக்கலாம். 'டாபிக்' என்ற கட்டளையால் அவர் பொருளை மாற்றுகிறார். வந்திருப்பவர்கள், 'ஓ' என்ற ஆங்கில எழுத்தை அடுத்து ஒரு சாய்கோடு இட்டு, கை தூக்கிய மனிதத் தலையைப் போன்ற ஒரு சிறு உருவத்தால் தம் வருகையைக் காட்டுகிறார்கள். விவாதத்தின் நடுவே பதிவாக வேண்டிய செய்தியை யாரும் 'இன்ஃபோ' என்று தொடங்கி எழுதலாம். ஒருவர் பொறுப்பேற்ற வேலையை 'ஆக்‌ஷன்' என்று குறிக்கலாம். சபை ஒப்பிய முடிவை 'அக்ரீட்' என்று எழுதும் உரிமை மட்டும் தலைவருக்கு உரியது. 'எண்ட்மீட்டிங்' என்றதும் நொடிகளில் இரண்டு ஆவணங்கள் தயாராகின்றன: முழு உரையாடல் ஒன்று, நடவடிக்கைக் குறிப்பு மற்றொன்று. குறிப்பின் ஒவ்வொரு வரியும் முழு உரையாடலில் அது பிறந்த வரியைச் சுட்டும். பொறுப்பேற்ற வேலைகளோ அவரவர் பெயரின் கீழ்த் தனியே தொகுக்கப்பட்டிருக்கும். அக்குறிப்பை மடலாடற்குழுவுக்கு அனுப்பியதும், உறங்கி எழுந்தவர் காலையில் அதைப் படித்து மறுப்புக் கூறலாம். முன்னர் ஒன்றையொன்று விலக்கி நின்ற அரட்டையும் மடலும் இவ்வாறு ஒரே ஒழுங்கின் இரு பகுதிகளாயின.

முடிவின் கனம் கூடக்கூட எழுத்துக் கூட்டம் தன் எல்லையை உணர்ந்து பின்வாங்குவதையும் காணலாம். டெபியனின் தொழில்நுட்பக் குழு மாதந்தோறும் ஐ.ஆர்.சி.யில் கூடுவது வழக்கமாக இருந்தும், கணினி இயங்கத் தொடங்கும்போது பிற நிரல்களை எழுப்பும் முதல் நிரலாக சிஸ்டம்டி இருக்க வேண்டுமா, வேறொன்று இருக்க வேண்டுமா என்ற பெருஞ்சர்ச்சையில், எட்டு உறுப்பினரும் மடல் வழியாகவே வாக்களித்தார்கள்; வாக்குகள் சமமாகப் பிரிந்தபோது, 2014 பிப்ரவரியில் தலைவர் பிடேல் கார்பி தம் தீர்மான வாக்கால் அதை முடித்துவைத்ததும் மடலில்தான். அரட்டை அறை கருத்தைக் கூர்மையாக்கப் பயன்பட்டது; பல ஆண்டுகள் நிற்க வேண்டிய முடிவுக்கு நிதானமான எழுத்து தேவைப்பட்டது. இந்தப் பாகுபாட்டை மறந்த திட்டங்களில்தான் மனக்கசப்பு மிகுந்தது.

எழுத்துக் கூட்டத்தால் வெல்ல முடியாத ஒரே எதிரி கடிகாரம். கூட்ட நேரங்கள் யு.டி.சி. எனப்படும் உலகப் பொதுநேரத்தில் அறிவிக்கப்பட்டாலும், பூமி உருண்டையாக இருக்கும்வரை யாரோ ஒருவர் தூக்கத்தை இழந்தே தீர வேண்டும். கோடையில் யு.டி.சி. 14:00 மணி என்பது கலிஃபோர்னியாவில் காலை 7, நியூயார்க்கில் காலை 10, பெர்லினில் மாலை 4, இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு 7:30, தோக்கியோவில் இரவு 11. அப்போது குளிர்காலத்தில் இருக்கும் நியூசிலாந்தில் மறுநாள் அதிகாலை 2. இதோடு, அமெரிக்கா மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்றும் ஐரோப்பா அம்மாதக் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை முன்தள்ளுவதால், இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களில் வழக்கமான உறுப்பினர்களே கூட்டத்தைத் தவறவிட்டார்கள். அதைத் தவிர்க்க யு.டி.சி. நேரத்தையே மாற்றியமைத்தாலோ, கடிகாரத்தை ஒருபோதும் மாற்றாத நாட்டினருக்கு, பிறர் வசதிக்காகத் தம் மாலைக் கூட்டம் ஆண்டுக்கு இருமுறை இடம் மாறுவது விளங்காத துன்பம்.

இச்சிக்கலை நேர்மையாக எதிர்கொண்ட திட்டம் ஓப்பன்ஸ்டாக். மேகக் கணிமைக்கான இம்மென்பொருளை 2010இல் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் நாசாவும் இணைந்து தொடங்கின. விரைவிலேயே கிளைத் திட்டங்கள் பெருகி, ஒவ்வொன்றும் தனக்கொரு கூட்டத்தை நடத்தியதால், பொது அறைகளுக்கே நெரிசல் உண்டாயிற்று. ஒவ்வொரு கூட்டத்தின் நேரமும் அறையும் தலைவரும் ஒரு சிறு கோப்பாக எழுதப்பட்டு, நிரலைப் போலவே களஞ்சியத்தில் வைக்கப்பட்டன. ஒரே அறையை ஒரே நேரத்துக்கு இருவர் கேட்டால் அந்த மாற்றத்தைச் சோதனை நிரலே நிராகரித்துவிடும். சில குழுக்கள் ஒற்றை வாரத்தில் ஒரு நேரமும் இரட்டை வாரத்தில் வேறொரு நேரமுமாக மாறி மாறிக் கூடின. அதிலும் நிறைவு காணாத அதன் தொழில்நுட்பக் குழு 2017இல் வாராந்தரக் கூட்டத்தையே கைவிட்டு, செவ்வாய் 09:00, புதன் 01:00, வியாழன் 15:00 என மூன்று 'அலுவல் நேர'ங்களை அமைத்தது. அந்த வேளைகளில் உறுப்பினர் சிலரேனும் அறையில் இருப்பார்கள், உலகின் எந்த மூலையில் உள்ளவரும் தம் பகலுக்கு ஒத்த நேரத்தில் வந்து கேட்கலாம், முடிவுகள் மட்டும் எழுத்து வழியே தனியாக எடுக்கப்படும். எல்லோரும் கூட வேண்டும் என்ற பிடிவாதத்தைத் தளர்த்திய இந்த ஏற்பாடு, ஆசியாவில் இருந்தவர்களுக்குச் செய்த நன்மை மிகப் பெரிது.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கு எழுத்துக் கூட்டம் அளித்த சமநிலையும் இங்கே சொல்லப்பட வேண்டும். தொலைபேசிக் கூட்டத்தில் வேகமாகவும் பழகாத உச்சரிப்பிலும் பேசுபவரைப் பின்தொடர முடியாமல் வாய்மூடியிருந்த ஒருவர், அதே வாக்கியத்தைத் திரையில் இருமுறை படித்துவிட்டு மறுமொழி எழுதலாம். மெதுவான இணைப்புக்கும் வரி வடிவம் ஏற்றது. மேற்கு வங்கத்தின் துர்காபூர் லினக்ஸ் பயனர் குழு 2008 முதல் நடத்திய கோடைகாலப் பயிற்சி, வகுப்பறையே இல்லாமல் ஐ.ஆர்.சி. அறையில் நடந்ததற்கு இந்த இயல்பே இடமளித்தது. கேள்வி உள்ள மாணவர் ஒரு வியப்புக்குறியை மட்டும் இட்டுக் காத்திருப்பார். 'அடுத்தவர்' என்று ஆசிரியர் எழுதியதும் தம் முறை வந்தவர் கேட்பார். முகம் தெரியாத ஓரிடத்தில், ஒருவர் எழுதி முடித்துவிட்டாரா, எழுதிக்கொண்டே இருக்கிறாரா, எழுந்து போய்விட்டாரா என்று பிறருக்குத் தெரியாது. இத்தகைய சிறு குறிகள் இல்லையென்றால் நான்கு உரையாடல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எது எதற்கு விடை என்பதே புரியாமல் போய்விடும்.

2014இல் வேர்ட்பிரஸ் திட்டம் தன் வாராந்தர உருவாக்குநர் கூட்டத்தை ஐ.ஆர்.சி.யிலிருந்து ஸ்லாக் என்ற வணிகச் சேவைக்கு மாற்றியது. பழைய உரையாடலைத் தேடிப் படிக்கும் வசதி, கைபேசியில் அறிவிப்பு, புதியவர்களை அச்சுறுத்தாத தோற்றம் ஆகியவை அதன் கவர்ச்சி. அந்தக் கவர்ச்சி நியாயமானதே. ஆனால் பதிவேடு இப்போது ஒரு நிறுவனத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது. தொடக்கத்தில் ஐ.ஆர்.சி. நிரல்களுக்கும் வழிவிட்ட ஸ்லாக் 2018 மே மாதத்தில் அந்த வாசலை மூடியது. கட்டணம் செலுத்தாத குழுக்களுக்கு 2022 முதல் 90 நாள் உரையாடலை மட்டுமே காட்டியது. தன் முடிவுகளின் காரணங்களை மூன்று மாதங்களுக்கு மேல் நினைவில் வைத்திருக்க முடியாத ஒரு சபையை, சபை என்று சொல்வதே கடினம்.

தன்னார்வலர் கையில் இருந்த அரங்கும் பாதுகாப்பானதல்ல என்பதை 2021 காட்டியது. ஃப்ரீநோட்டின் உரிமையும் கட்டுப்பாடும் யாருடையவை என்ற தகராறில், மே 19 அன்று அதன் தன்னார்வப் பணியாளர்கள் கூட்டாக விலகி, லிபரா சாட் என்ற புதிய வலையமைப்பைத் தொடங்கினார்கள். ஒரு வாரத்துக்குள், புதிய இடத்தின் பெயரைத் தலைப்பில் குறிப்பிட்டிருந்த நூற்றுக்கணக்கான அறைகளைப் பழைய வலையமைப்பின் நிர்வாகம் தன்வசப்படுத்தியது. அதன்பின் தயங்கி நின்றவர்களும் வெளியேறினார்கள். உபுண்டு, ஃபெடோரா, ஜென்டூ முதலிய திட்டங்கள் லிபராவுக்கும், ஓப்பன்ஸ்டாக் ஓ.எஃப்.டி.சி.க்கும் சென்றன. பல ஆண்டுக் கூட்டங்களின் குறிப்புகள் அந்தந்தத் திட்டங்களின் சொந்த வழங்கிகளில் மீட்பாட்டால் எழுதிவைக்கப்பட்டிருந்ததால், அறையை இழந்தவர்கள் ஆவணத்தை இழக்கவில்லை.

அதற்குள் மேட்ரிக்ஸ் என்ற திறந்த நெறிமுறை வலுப்பெற்றிருந்தது. உரையாடலை வழங்கியே சேமித்துவைப்பதாலும், எந்த அமைப்பும் தன் வழங்கியைத் தானே நடத்தலாம் என்பதாலும், ஐ.ஆர்.சி., ஸ்லாக் ஆகிய இரண்டின் குறைகளையும் அது ஓரளவு தீர்த்தது. தன் சொந்த ஐ.ஆர்.சி. வழங்கியை நெடுங்காலம் நடத்திய மொசில்லா 2020இல் அதை மூடிவிட்டு மேட்ரிக்ஸுக்குச் சென்றது. ஃபெடோரா தன் கூட்டங்களை 2023இல் அங்கே மாற்றியது. புதிய அறைக்கு ஏற்ற புதிய கூட்டப் பாட் ஒன்றும் அமைக்கப்பட்டது. அது # குறிக்குப் பதிலாக, துர்காபூரின் மாணவர்கள் கை உயர்த்தப் பயன்படுத்திய அதே வியப்புக்குறியோடு தொடங்கும் கட்டளைகளுக்குச் செவி சாய்க்கிறது. குறியை அடுத்து வரும் 'டாபிக்', 'இன்ஃபோ', 'ஆக்‌ஷன்', 'அக்ரீட்' ஆகிய சொற்கள் 2009இல் இருந்தபடியே இருக்கின்றன.

(தொடரும்)